மருந்து குடித்த வண்டி

கோவில்பட்டிப் பக்கம் 'மருந்து' என்று யாராவது சொன்னால், எந்த மருந்து என்று நின்று கேட்டுக்கொள்வது நல்லது. பருத்திக்கு அடிப்பதும் மருந்துதான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி முனையை முக்கி எடுப்பதும் மருந்துதான். காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பதற்கும் அதே பெயர். ஒருத்தன் வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான் என்றால், "மருந்தக் குடிச்சிட்டானா?" என்று பதறுகிறார்களே, அதுவும் இதே சொல்தான். இத்தனையும் போதாதென்று டிரைவர் கண்ணபிரான் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தான். அவனுடையது வண்டி மருந்து.

பெட்ரோல் டாங்கியில் ஊற்றுகிற திரவம் அது. டாங்கியிலிருந்து எஞ்சின் வரைக்கும் பெட்ரோல் போகிற பாதையில் படியும் பிசினையும் கசடையும் கரைத்துவிடும். சாண் உயரப் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். மேலே இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கும். கண்ணபிரான் அதைப் படித்ததில்லை, படிக்க முயன்றதுமில்லை. மாதம் பிறந்தால் டாங்கியை நிறைத்து, பாட்டில் மூடியில் பாதி அளந்து ஊற்றுவான். ஊற்றிவிட்டு டாங்கி வாயைத் துணியால் துடைப்பான், கைப்பிள்ளைக்குப் பாலாடையில் புகட்டிவிட்டு வாயைத் துடைக்கிற மாதிரி. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "அண்ணாச்சி, பிள்ளைக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். "குடுத்தாச்சு தாயி" என்று இவனும் சிரிப்பான். அதெல்லாம் ஒரு காலம்.

வண்டி அம்பாசிடர், எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பெட்ரோல் வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்று எழுதியிருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குப் பழைய வேட்டி நிறம். சொந்தக்காரர் பூவனநாதன், ஒரு காலத்தில் மூன்று தீப்பெட்டி ஆபீஸ் வைத்து நடத்தியவர். இப்போது எல்லாவற்றையும் மகன் பார்த்துக்கொள்கிறான். மகனிடம் புதுக் கார் இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு டிரைவரும் இருக்கிறான். கிழவருக்கு மிச்சம் இருந்தது இந்த வண்டியும் கண்ணபிரானும்தான். அதிலும் வண்டியை விட கண்ணபிரானைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தார்.

எப்படிப் பிடித்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கொடை விழாவுக்கென்று கண்ணபிரான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் தன் ஊரான இடைசெவலுக்குப் போயிருந்தான். அந்த இரண்டில் ஒரு நாள் முதலாளியம்மா மீனாட்சியம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தது. மாற்று டிரைவர் வந்து சாவியைத் திருகினான். வண்டி இருமியதே தவிர எடுக்கவில்லை. சோக்கை இழுத்து இழுத்துப் பெட்ரோலை வழியவிட்டு, இருந்த உயிரையும் அடக்கிவிட்டான். வாடகைக் காரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் அந்த அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பூவனநாதன் கண்ணபிரானை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கணக்கு அன்றோடு தீர்ந்திருக்கும்.

மறு வருஷம் ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பானெட் மேல் சூடம் கொளுத்தியிருந்தது. எல்லாரும் பொரி வாங்கிக்கொண்டு கலைந்த பிறகு பெரியவர் அவனை நிறுத்தினார்.

"ஏலே கண்ணபிரான், இந்த வண்டி ஓடுத வரைக்கும் நீ என்னைய விட்டுட்டுப் போகக் கூடாது. சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு."

கண்ணபிரானுக்கு முதலாளியம்மாவின் முகம் கண்ணில் நின்றது. அதோடு, வண்டி மேல் அப்போது அவனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் எரிகிற சூடத்தில் உள்ளங்கையை அடித்து அணைத்தான். "ஓடுத வரைக்கும் போக மாட்டேன் மொதலாளி" என்றான். அப்போதே பதினைந்து வயசான வண்டி. இன்னும் மிஞ்சிப் போனால் மூன்று வருஷம் ஓடும் என்று அவன் மனசுக்குள் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கில் மண் விழுந்ததற்குக் காரணம் வேறு யாருமில்லை, அவன்தான். இனி ஒரு நாளும் இந்த வண்டி எடுக்காமல் நிற்கக் கூடாது என்று வெறி பிடித்தவன்போல் அலைந்தான். மதுரையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்தான் இந்த மருந்தைக் கண்டுபிடித்தான். மாசம் தவறாமல் ஊற்றினான். வண்டி எண்பது வயசுக்கு மேல் கம்பு ஊன்றாமல் நடக்கிற ஆள்போல ஓடிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்று ஏழில் நிற்கும் என்றிருந்தான், நிற்கவில்லை. இரண்டாயிரம் பிறந்தது, அப்போதும் ஓடியது. தன் கையாலேயே பூட்டுக்கு எண்ணெய் விட்டு, தானே உள்ளே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைக்க ரொம்ப நாள் பிடித்தது.

ஓடுவது என்றால் எங்கே ஓட்டம்? பெரியவருக்குப் போக ஒரு இடமும் கிடையாது. தினமும் நாலு மணிக்கு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பின் சீட்டில், அந்த அம்மாள் கடைசியாக உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், உட்காருவார். "எடுலே" என்பார். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு. அங்கே லாரிக்காரர்கள் நிற்கிற ஒரு கடையில் டீ. அவருக்கு உள்ளேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். மறுபடி கோவில்பட்டி. ராத்திரி அவருக்கு மூச்சு முட்டினால் எழுப்ப வேண்டுமே, அதனால் கண்ணபிரானுக்குப் படுக்கை கார் ஷெட்டை ஒட்டிய அறையில். ஞாயிற்றுக்கிழமை பகலில் மூன்று மணி நேரம் மட்டும் சொந்த வீடு.

இதில் கொடுமை என்னவென்றால், கயத்தாற்றுக்குப் போகிற வழியில்தான் இடைசெவல் இருக்கிறது. தினமும் சொந்த ஊரை இரண்டு தடவை கடப்பான், இறங்க முடியாது. அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணி அந்த நேரம் பார்த்து ஆடுகளை ரோட்டோரக் கரிசலில் மேயவிட்டு நிற்பாள். போகும்போது ஒரு ஹாரன் அடிப்பான். திரும்பி வரும்போது ஒன்று. அவள் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு, வாரத்தில் ஆறு நாள், அவ்வளவுதான்.

அவனை உலுக்கிவிட்டது ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனான். பத்தாவது பரீட்சை எழுதியிருந்த மகள் யோகலட்சுமி, "வாங்கப்பா" என்று எழுந்து நின்றாள். உள்ளே போய் வீட்டுக்காரர்கள் குடிக்கிற செம்பைத் தேடாமல், அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் மொண்டு, ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். வேலாயுதபுரத்திலிருந்து அவளுடைய டீச்சர் வந்தபோது அப்படித்தான் கொடுத்தாளாம். கண்ணபிரான் அந்தத் தண்ணீரைக் குடித்தான். குடிக்கும்போது அழுகை வந்தது. விருந்தாளி ஆகிவிட்டோம் என்று கிருஷ்ணவேணியிடம் சொன்னான்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்?" என்றாள் அவள்.

அந்த வாரமே ஒரு வழியும் தெரிந்தது. கோவில்பட்டியில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வேன் டிரைவர் தேவை. காலையில் ஆறரைக்கு இடைசெவலிலிருந்தே வண்டியை எடுக்க வேண்டும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும். அவனுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்த வேலை மாதிரி இருந்தது. தாளாளர் பொன்மணி அம்மாள் வேனை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டிக் காட்டினான். அவனுக்கு வயசு நாற்பத்து நாலு, நாற்பத்தைந்துக்கு மேல் எடுக்க மாட்டார்களாம். ஜூன் இரண்டாம் தேதி திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆள்.

பெரியவரிடம் போய் நின்றான்.

"போயேன். நான் வேண்டாம்னா சொல்லுதேன்?" என்றார் அவர், பேப்பரை மடிக்காமலே. "சூடத்தை அணைச்சது நீ. வண்டி நிக்கட்டும், அன்னைக்கே போ."

சத்தியமாவது ஒன்றாவது என்று தட்டிவிட்டுப் போகிற ஆள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கண்ணபிரானால் முடியவில்லை. உள்ளங்கையைப் பார்க்கும் போதெல்லாம் அந்தச் சூட்டை உணர்ந்தான். சத்தியத்தை மீறினால் பழி யோகலட்சுமி தலையில் விழுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வண்டி தானாக நின்றுவிட்டால்? அது மீறியதாகாதே.

மே மாசம் மருந்து ஊற்றவில்லை. வண்டி கொஞ்சம் இருமியது, பிறகு அதுபாட்டுக்கு ஓடியது. ஏர் பில்டரைத் துடைக்காமல் விட்டான், அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. எட்டையபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வெயிலுமுத்துவிடம் போய், வேறு எதற்கோ கேட்பது போலக் கேட்டான்.

"ஏய்யா, இந்த மருந்தை அரை மூடிக்குப் பதிலா முழுசா ஊத்தினா என்னாகும்?"

வெயிலுமுத்து கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வேலை மட்டும் வச்சுக்கிடாதீங்க. புது வண்டின்னா பரவாயில்ல. ஒங்க வண்டி டாங்கிக்குள்ள இருவது இருவத்திநாலு வருசத் துருவும் பிசினும் அடியில அப்பிக் கெடக்கு. நீங்க அளவா ஊத்துதீங்க, அதுபாட்டுக்குத் தூங்குது. மொத்தமா ஊத்தினீங்கன்னு வையுங்க, அம்புட்டும் ஒரே நேரத்துல முழிச்சுக் கெளம்பி வந்து காப்ரேட்டர் ஜெட்டை, அந்த ஊசி ஓட்டையை, அடைச்சுரும். நடுரோட்டுல படுத்துரும். உள்ள கரி பேந்து வால்வுல உக்காந்துச்சுன்னா பெறவு காயலான் கடைதான்."

"மருந்துதானய்யா?"

"மருந்துதான். அளவு தப்பினா மருந்து என்ன செய்யும்னு நம்ம ஊருக்காரவியளுக்கு நான் சொல்லணுமா?"

கண்ணபிரான் கடையில் இரண்டு பாட்டில் வாங்கினான். ஊற்றாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டான். என்ன இருந்தாலும் பதினெட்டு வருஷம் பழகிய வண்டி. மே மாசக் கடைசிப் புதன்கிழமை காலையில், கால் டாங்கி பெட்ரோல் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இரண்டு பாட்டிலையும் கவிழ்த்தான். நான் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை, மருந்துதான் கொடுத்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். டாங்கி வாயைத் துடைக்க மட்டும் அன்றைக்கு மனசு வரவில்லை. காலிப் பாட்டில்களை டிக்கியில் போட்டான், சாக்குக்கு அடியில்.

நாலு மணிக்குப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். "எடுலே."

எடுத்தது. ஊரைத் தாண்டுகிற வரை ஒன்றும் இல்லை. நாலாட்டின்புத்தூர் தாண்டியதும் ஒரு குலுக்கல். கண்ணபிரான் கியரை மாற்றிப் பார்த்தான், குலுக்கல் நிற்கவில்லை. இடைசெவலை நெருங்கும்போது வண்டி இழுத்து இழுத்துப் பறித்தது. கிருஷ்ணவேணி வழக்கமான இடத்தில் இல்லை, ஆடுகள் உள்ளே தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன. ஊரைத் தாண்டி ஒரு மைல் போனதும் வண்டி மூச்சை விட்டு நின்றது. சாவியைத் திருகினான். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. முடிந்தது. திங்கட்கிழமை வேனில் போய் உட்கார்ந்துவிடலாம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தோள்பட்டை லேசானது போல இருந்தது.

அக்னி நட்சத்திரம் அன்றைக்கோ மறுநாளோ முடிய வேண்டும். கரிசல் வாய் பிளந்து கிடந்தது. மரம் என்று சொல்ல அந்தப் பக்கம் வேலிக்கருவேல்தான், அதற்கு ஏது நிழல்? கண்ணபிரான் பானெட்டைத் தூக்கிவிட்டுச் சும்மா உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "எடுக்காது மொதலாளி" என்று சொல்ல வேண்டும். வாயில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தான்.

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி நின்றார். முகம் சாம்பலாகியிருந்தது. அவர் கண்ணபிரானைப் பார்க்கவில்லை. பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் இப்படித்தாம்லே சுத்திச்சு" என்றார். "இதே சத்தம். அவ, எடுத்துரும், கொஞ்சம் பொறுங்கன்னா. எனக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்தா."

கண்ணபிரானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இந்த மனுஷனை நடுவெயிலில் இப்படி நிறுத்திவிட்டோமே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் கை டிக்கியைத் திறந்து சாமான் பையை இழுத்தது. அந்த இழுப்பில் ஒரு காலிப் பாட்டில் உருண்டு ரோட்டில் விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. டாங்கியிலிருந்து எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் பம்புக்கு வருகிற குழாயைக் கழற்றினான். அடைப்பு பைப்பில்தான் இருக்கிறது. ஊதினான், அசையவில்லை. வாயை வைத்துப் பலம்கொண்ட மட்டும் உறிஞ்சினான்.

பிசினும் பெட்ரோலும் மருந்துமாக ஒரு மடக்கு, சட்டென்று பிடுங்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விட்டது. நெருப்பை விழுங்கிய மாதிரி எரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் விழுந்து வாந்தி எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு மினி பஸ் வந்தது. பாதிப் பேர் இடைசெவல்காரர்கள். டிரைவர் கண்ணபிரான் வாயில் நுரையோடு கிடக்கிறான், பக்கத்தில் காலிப் பாட்டில், பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"மருந்து! மருந்து உள்ள போயிட்டுய்யா!" என்று கத்தினார் பூவனநாதன்.

அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? நாலு பேர் தூக்கி பஸ்ஸில் போட்டார்கள். ஒருத்தர் புளியைக் கரைக்கச் சொன்னார், ஒரு பெண் வாந்தி எடுக்கட்டும் என்று சோப்புத் தண்ணியைக் கரைத்து வாயில் ஊற்றியே விட்டாள். "தூங்க விடாதீங்க" என்று கன்னத்தில் அறைந்தவர் தூரத்துச் சொந்தம் மந்திரமூர்த்தி. கண்ணபிரான், "பெட்ரோலு... வண்டி மருந்து..." என்று சொல்லத்தான் பார்த்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "பேசாதேப்பா, பேசாதே" என்று வாயைப் பொத்தினார்கள்.

கயத்தாற்று டாக்டர் மோந்து பார்த்த உடனேயே விஷயத்தைப் புரிந்துகொண்டார். பெட்ரோல் குடித்தவனுக்கு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, சோப்புத் தண்ணீர் கொடுத்த அறிவாளி யார் என்று எல்லாரையும் வெளியே விரட்டினார். நெஞ்சில் இறங்கவில்லை, காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் அவர் சொன்னது அந்த அறைக்குள் இருந்த ரெண்டு மூன்று பேர் காதில் விழுந்தது. 'மருந்தக் குடிச்சிட்டான்' என்ற செய்தி அதற்குள் மினி பஸ்ஸில் ஏறி எல்லா நிறுத்தத்திலும் இறங்கிவிட்டது.

கிருஷ்ணவேணி ஆடுகளை அப்படியே போட்டுவிட்டு, செருப்பில்லாமல் லாரி ஏறி வந்து சேர்ந்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு டம்ளர் தண்ணிக்கா இப்படிப் பண்ணினீங்க? அவ சின்னப் பிள்ளைங்க, தெரியாம தட்டுல வச்சுக் குடுத்துட்டா" என்று அவள் அழுதபோது, கண்ணபிரானுக்குத் தொண்டை எரிச்சலை விட அது பெரிதாக எரிந்தது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். நடந்ததை அவளுக்குப் புரியவைக்க விடியும்வரை ஆயிற்று. புரிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது இதைத்தான்.

"வண்டி நின்னுட்டுல்லா?"

நின்றது. நின்ற வண்டியைப் பெரியவர் டிராக்டர் வைத்து இழுத்து வெயிலுமுத்துவிடம் சேர்த்திருந்தார். வெயிலுமுத்து டாங்கியையே கழற்றிக் கவிழ்த்தார். கறுப்புக் களியாகக் கசடு ஒரு வாளி கொட்டியது. இத்தனை வருஷமாக ஒட்டிக் கிடந்ததை மருந்து சுரண்டி எடுத்து வைத்திருந்தது. வழித்துக் கழுவி, குழாயை ஊதி, ஜெட்டைத் துலக்கி மாட்டினார். கரி வால்வில் உட்காரவில்லை. உள்ளே இருந்த கரியும் பாதி வெளியேறிவிட்டிருந்தது. சனிக்கிழமை சாவியைத் திருகினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"நல்ல வேளை, நீங்க மருந்தை ஊத்தினீங்க" என்று கண்ணபிரானிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். "நானா இருந்தா இதைத் தொட்டே இருக்க மாட்டேன். இனி பத்து வருசத்துக்குப் பயமில்ல. சத்தத்தைக் கேளுங்களேன்!"

கண்ணபிரான் கேட்டான். தையல் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. அவனுடைய பாழாய்ப்போன காதுக்கு அது இனிக்கவும் செய்தது.

ஆனாலும் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். வண்டி நின்றது நின்றதுதானே? டிராக்டர் வைத்து இழுத்ததை ஊரே பார்த்தது. ஓடுகிற வரைக்கும் என்றுதான் சத்தியம், நின்று மறுபடி ஓடினால் என்று யார் சொன்னார்கள்? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆறு மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றான். வேன் நின்ற இடம் காலியாக இருந்தது. வேறு யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பொன்மணி அம்மாள் அவனை உட்காரச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார். "உடம்பு தேவலையா? வீட்டுல என்ன கஷ்டம் இருந்தாலும் இப்படிச் செய்யலாமா?"

"அம்மா, அது வண்டி மருந்தும்மா. பெட்ரோல்ல ஊத்துதது. பைப்ப உறிஞ்சும்போது தெரியாம..."

"எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்லுவாங்க." அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எங்க சித்தப்பா மகன் குடிச்சப்பவும் இருமல் மருந்துன்னு நெனச்சுக் குடிச்சிட்டான்னுதான் நாங்க சொன்னோம். நான் உங்களைத் தப்பா நெனைக்கல. ஆனா இருவது பிள்ளைங்க ஏறுத வண்டி. பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

"எங்க மொதலாளியக் கேட்டுப் பாருங்கம்மா. பக்கத்துலயே நின்னாரு. அவிய சொல்லுவாவ."

"கேட்டேனே. சனிக்கிழமையே போன் போட்டுக் கேட்டேன்." பொன்மணி அம்மாள் மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "ஆமா, மருந்து குடிச்சான்தான்னு அவர்தான் சொன்னார்."

கண்ணபிரான் எழுந்து கும்பிட்டான். வெளியே வந்து, அந்த வெள்ளைச் சட்டையோடு எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போக முடியாது, கிருஷ்ணவேணி சாயங்காலம் வேன் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கோபத்தில் உடம்பு கொதித்தது. இன்று கேட்டே விடுவது என்று எழுந்து நடந்தான். நடந்த கால் வேறு எங்கே போகும்? நாலு மணிக்குச் சரியாகக் கார் ஷெட்டில் நின்றது.

பெரியவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணபிரான் சாவியைத் திருகாமல் கண்ணாடியில் அவரைப் பார்த்தான்.

"என் பொழப்புல ஏன் மொதலாளி மண்ணப் போட்டிய? அது என்ன மருந்துன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பூவனநாதன் குனிந்தார். காலடியில் கிடந்த துணிப்பையை எடுத்து முன் சீட்டில் வைத்தார். உள்ளே காலிப் பாட்டில்கள் இரண்டு, ஒன்றில் ரோட்டு மண் ஒட்டியிருந்தது.

"மாசம் அரை மூடி ஊத்துதவன் நீ" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கண்ணபிரானைச் சாய்த்தது. "சூடத்தை அணைச்ச கையால ரெண்டு பாட்டிலையும் ஒருசேர ஊத்தியிருக்கே. கேட்டா, மருந்துதான குடுத்தேன்னு சொல்லுவே. சொல்லலாம், பொய்யில்ல. அந்த அம்மா என்ட்டக் கேட்டுச்சு, மருந்து குடிச்சாரான்னு. குடிச்சான்னு சொன்னேன். அது மட்டும் பொய்யாலே?"

கண்ணபிரான் பாட்டில்களைப் பையோடு ஒதுக்கி வைத்தான். கண்ணாடிக்குள் கிழவரின் கண் ஈரமாக இருந்தது. பாவம் என்றும் தோன்றியது, பாவி என்றும் தோன்றியது. "நீ போயிட்டேன்னா எனக்கு மூச்சு முட்டும்போது யாருலே சாவியத் திருகுவா?" என்று அவர் முணுமுணுத்தது அவனுக்குக் கேட்டது. கேட்காததுபோல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையும் இந்த சீட்டும் கயத்தாற்று டீயும் இனி எத்தனை வருஷத்துக்கு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தான்.

"எடுலே."

சாவியைத் திருகினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

இடைசெவல் வந்தது. கிருஷ்ணவேணி அன்றைக்கு ஆடு மேய்க்க வரவில்லை. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, யோகலட்சுமியையும் கூட்டிக்கொண்டு, அஞ்சு மணிக்கு முன்னாலேயே ஊர் நிறுத்தத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் கோவில்பட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூட வேன் அங்கிருந்துதானே வர வேண்டும். வேனைத் தேடுகிற கண்ணில் அம்பாசிடர் பதிந்திருக்காது. வண்டி வருகிறது என்று எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற அந்தப் பழைய இருமலும் இப்போது இல்லை. கண்ணபிரானின் கை ஹாரனுக்குப் போனது. போய், பாதியிலேயே நின்றுவிட்டது. வண்டி சத்தமில்லாமல் அவர்களைத் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தான். இரண்டு பேரும் இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூவனநாதன் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் சந்தேகம் வந்து கண்ணைத் திறந்தார்.

"என்னலே, ஒரு சத்தத்தையும் காணோம்? வண்டி ஓடுதா?"

"ஓடுது மொதலாளி" என்றான் கண்ணபிரான்.